முப்பத்தொன்பது இஞ்ச் மூணு நூல்

ஆண்டவரே, இந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை. உம்மிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, உமக்குத் தெரியாததா. கோவிலில் பன்னிரண்டு மணி அடித்தது, மிஷினை நிறுத்தி சிலுவை போட்டுக்கொண்டு அருள் நிறைந்த மரியே சொல்லும்போதும் என் கண் அவள் காலையே பார்த்துக்கொண்டிருந்தது, செருப்பை வாசலில் ஒழுங்காக ஜோடி சேர்த்து விட்டுவிட்டு வந்திருக்கிறாள், அதுகூட எனக்குப் பிடிக்கவில்லை. கோகிலவாணி. என் மகன் கிளமென்ட்டுக்குக் கீழே கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்ந்தவள். தை பிறந்தால் நிச்சயதார்த்தம், அதற்கான பிளவுஸ் என் கையில் இருக்கிறது, மாம்பழ மஞ்சள் பட்டு, உள்ளே பாலியஸ்டர் லைனிங். அக்டோபரில் துணி கொடுத்தாள். நவம்பரில் கம்பெனியில் தீப்பிடித்தது. அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் இந்தத் துணியை அலமாரியின் அடியில் போட்டு வைத்தேன், போன வாரம் எடுத்துத் தைத்தேன், தைக்கும்போது இரண்டு கைகுழியிலும் அரை அரை இஞ்ச் குறைத்துத் தைத்தேன். தெரியாமல் வந்த அரை இஞ்ச் இல்லை ஆண்டவரே. முப்பத்திரண்டு வருஷத்தில் என் கத்தரி தெரியாமல் அரை இஞ்ச் போனது கிடையாது. போட்டுப் பார்க்கட்டும், கையைத் தூக்க முடியாமல் நிற்கட்டும், நிச்சயத்தன்று மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கும்பிடக்கூட முடியாமல் நிற்கட்டும் என்று நினைத்துத்தான் தைத்தேன். இப்போது திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து, "கை குழில கொஞ்சம் புடிக்குதுங்கம்மா" என்றாள். கொஞ்சமாம். அக்குள் சிவந்து போயிருக்கிறது, கொஞ்சமாம். "இருந்து வாங்கிட்டுப் போ, பிரிச்சு விட்டுத் தர்றேன்" என்றேன். குரல் எப்போதும்போலத்தான் இருந்தது. சலேத்தம்மா குரல் தேன் மாதிரி என்று பங்குச் சாமியார்கூடச் சொல்வார். இந்தக் குரலுக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று அவருக்கு என்ன தெரியும். பிரிக்கும் ஊசியால் ஒவ்வொரு தையலாக அறுக்கிறேன், நூல் துணுக்கெல்லாம் விரலில் ஒட்டுகிறது, உதறினால் போகவில்லை, மறுபடி ஒட்டுகிறது. மார்கழிக் காற்று, ஈரமே இல்லை, பாலியஸ்டரைத் தொட்டால் மயிர்க்கால் எழுந்து நிற்கிறது. சார்ஜ். அந்த வார்த்தையை நான் நினைக்க வேண்டாம் என்றிருந்தேன்.

சார்ஜ் என்றால் எனக்கு முன்பெல்லாம் போனுக்குப் போடுவதுதான். இப்போது இந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர்கள் கம்பெனியில் பிளாஸ்டிக்கை மாவு மாதிரி அரைத்துக் குழாய் வழியாகக் காற்றடித்து ஒரு பெரிய தொட்டிக்கு அனுப்புகிறார்கள். போகிற வழியில் தூள் குழாயில் உரசி உரசி, நைலக்ஸ் புடவையைக் கொடியிலிருந்து இழுத்தால் பட்பட்டென்று பொரியுமே, அது மாதிரி சார்ஜ் ஏறிக்கொள்கிறது. தொட்டிக்குள் இவ்வளவு இடத்தில் இவ்வளவு சார்ஜ்தான் இருக்கலாம், அதற்கு மேல் போனால் பொறி பறக்கும், தீப்பிடிக்கும். அதை அளக்க ஒரு கருவி, அமெரிக்காவிலிருந்து பழசாக வாங்கியது. அது ஒரு கன இஞ்சுக்கு இத்தனை கூலூம் என்று காட்டும், கூலூம் என்றால் சார்ஜை அளக்கிற கணக்கு. நம் ஊர்ச் சட்டத்தாளில் இருப்பது ஒரு கன மீட்டருக்கு இத்தனை கூலூம் என்று. அதனால் ஒவ்வொரு ஷிப்டிலும் கருவி காட்டுகிற எண்ணை ஓர் எண்ணால் பெருக்கி நோட்டில் எழுத வேண்டும். எதால் பெருக்குவது என்று தொட்டிப் பக்கத்துச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. முப்பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு. ஜூனிலிருந்து இந்த வாணி அந்த எண்ணால் பெருக்கிப் பெருக்கி எழுதினாள், எல்லா நாளும் குறைவாகவே வந்தது, எல்லா நாளும் சரி சரி என்று கையெழுத்துப் போட்டாள். நவம்பர் பதினான்காம் தேதி தொட்டி வாய் திறந்தபோது அங்கே வேலை செய்கிற சின்னராசு பக்கத்தில் நின்றான். இரண்டு கையும், கழுத்தில் பாதியும் வெந்துபோயின. சுவரில் ஒட்டியிருந்த தாளும் போயிற்று. வருகிற திங்கட்கிழமை விசாரணை. அந்த எண்ணை எழுதி ஒட்டியது யார் என்பதுதான் கேள்வி. என் மகன் சொல்கிறான் இவள் என்று. இவள் சொல்கிறாள் நான் சேரும்போதே அது அங்கே இருந்தது என்று. இரண்டு பேரில் ஒருத்தருக்கு வேலை போகும், போலீஸ் கேஸும் வரும். கருகின தாளுக்கு வாய் இல்லை. நூல் சிக்குகிறது. ஊசி முனை துணியில் ஏறிவிட்டது, மெதுவாக, மெதுவாக, பட்டு இழை போய்விட்டால் அப்புறம் ஒன்றும் செய்ய முடியாது.

அது மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள், பாயசம் வைத்திருந்தேன், அதனால்தான் தேதி நினைவிருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன், அது பொய், அன்றைக்கு அவன் இங்கே எழுதின தாளிலேயே தேதி இருக்கிறது. சாயங்காலம் கிளமென்ட் வந்தான், சட்டையைக் கழற்றாமலே என் வெட்டுப் பலகையில் சாய்ந்துகொண்டு, "அம்மா, ஒரு மீட்டருக்கு எத்தனை இஞ்ச்?" என்றான். போனில் பார்த்திருக்கலாம். சார்ஜ் இல்லை போலிருக்கிறது, அல்லது சோம்பல், அல்லது என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும்போல் இருந்ததோ என்னவோ. நான் ரோஸ்லின் டீச்சருக்கு பேப்பர் கட்டிங் போட்டுக்கொண்டிருந்தேன், தலையைக்கூடத் தூக்கவில்லை. "முப்பத்தொன்பது இஞ்ச் மூணு நூல்" என்றேன். மூணு நூல் என்றால் எட்டில் மூன்று பங்கு, தையல்காரி வாயில் அது மூச்சு மாதிரி வரும். துணி மீட்டரில் வாங்குகிறோம், உடம்பை இஞ்சில் அளக்கிறோம், நாள் முழுக்க இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வருகிற பிழைப்பு. "மூணு நூல்னா புள்ளி மூணு ஏழு அஞ்சு, மூணு ஏழுன்னே வச்சுக்கலாம்" என்று சொல்லிக்கொண்டே, கைக்கு எட்டின காக்கித்தாளை இழுத்தான், டீச்சரின் முதுகுப் பாகம், அதன் ஓரத்தில் மார்க் சாக்கைத் தள்ளிவிட்டுப் பேனாவால் எழுதினான். முதலில் மேலே ஒரு சின்னச் சிலுவை. அதற்குப் பக்கத்தில் தேதி. ஒன்றாம் வகுப்பிலிருந்து நான் பழக்கிவிட்டது, எந்தத் தாளில் எழுதினாலும் முதலில் சிலுவை, பிறகு தேதி, பிறகுதான் மற்றது. அப்புறம் கன இஞ்ச், கன மீட்டர், பெருக்கல் குறி, முப்பத்தொன்பது புள்ளி மூன்று ஏழு. இரண்டு கோடு அடித்தான். "தேங்க்ஸ்மா, நீதான் என் கம்ப்யூட்டர்" என்று கன்னத்தைக் கிள்ளினான். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது ஆண்டவரே. பத்தாம் வகுப்பு, அதிலும் கணக்கில் இரண்டாம் தடவை, அவ்வளவுதான் நான். இன்ஜினியர் மகன் என்னிடம் எண் கேட்டான். ராத்திரி பாயசத்தை அவனுக்கு இரண்டு டம்ளர் ஊற்றினேன். ஏன் கேட்கிறாய் என்று மட்டும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்.

குக்கர் விசில் அடிக்கிறது. எத்தனையாவது. அவனுக்கு ஒன்றரை மணிக்குச் சாப்பாடு, சனிக்கிழமை அரைநாள். "எத்தனை விசில் ஆச்சு?" என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்போல. "மூணுங்கம்மா" என்றாள் அவள் உடனே. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என் வீட்டு விசிலை இவள் எதற்கு எண்ண வேண்டும். எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் வாசலில் எதிர்வீட்டு பிலோமினா நிற்கிறாள், கையில் பாவாடை, நாடா உருவிக்கொண்டு வந்துவிட்டதாம். நாடாவைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தாள். "ஓ, இந்தப் புள்ளதானா?" என்றாள். "கம்பெனிக்குத் தீ வச்ச கையோட கல்யாணத்துக்கு ரவிக்கையா? நல்லாருக்கும்மா கதை." வாணி நிமிர்ந்து பார்த்தாள். "தீ நான் வைக்கலைங்க. சுவத்துல ஒட்டி வச்ச கணக்கால பெருக்கினேன். அது தப்புன்னா பெருக்கினதும் தப்புதான், சேர்ந்த அன்னைக்கே கேட்டிருக்கணும், கேக்கல. ஆனா நான் எழுதல." பிலோமினா வாயைக் கோணினாள். "பாருங்க சலேத்து, வாயை. நம்ம கிளமென்ட்டு தங்கமான பையன், ஞாயித்துக்கிழமை பூசையில வாசகம் வாசிக்கிற புள்ள, அது போய்ப் பொய் சொல்லுமா?" என்றாள். என்னைப் பார்த்துச் சொன்னாள், நான் ஆமாம் சொல்ல வேண்டும். என் உதடு திறந்தது. ஆண்டவரே, ஆமாம் என்று சொல்லத்தான் திறந்தது. "பாவாடையை வச்சுட்டுப் போ, சாயங்காலம் தர்றேன்" என்று வந்தது. "என்ன உங்களுக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். தெரு முழுக்க இப்போது சொல்லிவிடுவாள், அந்தப் பெண் சலேத்து வீட்டில் உட்கார்ந்திருக்கிறது என்று. சொல்லட்டும். இல்லை, சொல்ல வேண்டாம். இவள் ஏன் வந்தாள், வேறு தையல்காரி இல்லையா கோயம்புத்தூரில், துணி இங்கே இருக்கிறது என்பதால் வந்தாளாம், அப்படித்தான் சொன்னாள், வேறு எதற்கும் வரவில்லை, கெஞ்சவும் இல்லை. கெஞ்சினாலாவது வெறுக்க வசதியாக இருக்கும்.

இடது கைகுழி பிரித்தாயிற்று. உள்ளே பார்த்தால் ஒன்றரை இஞ்ச் துணி மடிந்து கிடக்கிறது. வெறுப்பில் வெட்டியபோதும் என் கை பழக்கத்தில் உள்ளே துணி விட்டிருக்கிறது, பிறகு பிரித்து விடலாம் என்று. கைக்கு இருக்கிற நல்ல புத்தி எனக்கு இல்லை. கை எனக்கு முன்னாலேயே எல்லாம் தெரிந்து வைத்திருக்கிறது. அந்தக் கணக்கும் கைக்குத் தெரியும். பல வருஷத்துக்கு முன்னால், கிளமென்ட் அப்பா இருந்தபோது, கோவில் பீடத்துக்கு முன்னால் சாமியார் முழந்தாள் போட ஒரு மெத்தை கேட்டார்கள். வீட்டில் இருந்த சின்னத் திண்டைக் காட்டி, இதைவிட நீளம் இரண்டு பங்கு, அகலம் இரண்டு பங்கு, உயரமும் இரண்டு பங்கு என்றார்கள். சின்னதற்கு ஒரு கிலோ இலவம் பஞ்சு போயிருந்தது, நான் இரண்டு கிலோ வாங்கி வந்து அடைத்தேன். அடியில் ஒரு மூலைக்குக் கிடந்தது பஞ்சு. இன்னும் இரண்டு. போதவில்லை. கடைசியில் எட்டுக் கிலோ. வீடு முழுக்கப் பஞ்சு பறந்தது, கிளமென்ட் மூக்கில் ஏறித் தும்மித் தும்மிச் சிரித்தான், அவன் அப்பா, "சாமியாரு முட்டிக்கு எட்டுக் கிலோவா, எனக்கு ஒரு தலகாணி இல்ல" என்றார். ஒரு பக்கத்தை இரண்டாக்கினால் இரண்டு, மூன்று பக்கமும் இரண்டாக்கினால் எட்டு. பள்ளிக்கூடத்தில் சொன்னபோது ஏறாதது அன்றைக்கு என் முழங்கை வரை ஏறியது. அப்படியிருந்தும் முப்பத்தொன்பது இஞ்ச் மூணு நூல் என்றேன். அவன் கேட்டது நீளம், நான் சொன்னது நீளம். பொய் சொல்லவில்லை நான். தீப்பிடித்த பிறகு ஒருநாள் இந்த வாணி இதே வாசலில் நின்று கிளமென்ட்டிடம், "நீளத்துக்குத்தாங்க சார் முப்பத்தொன்பது, கன அளவுன்னா அதை மூணு தடவை பெருக்கணும், அறுபத்தோராயிரத்து இருபத்து நாலு வரும்" என்றாள். அன்றைக்கு நான் நாட்காட்டித் தாளைக் கிழித்து, அதன் பின்பக்கத்தில் சாப்பாட்டு நேரம் முழுக்க உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு மீட்டர் சதுரத்தில் இஞ்ச் இஞ்சாகப் பெட்டி அடுக்கினால் வரிசைக்கு முப்பத்தொன்பது, முப்பத்தொன்பது வரிசை, ஆயிரத்து ஐந்நூற்று இருபத்தொன்று. அது ஒரு தட்டு. அந்த மாதிரி முப்பத்தொன்பது தட்டு. ஐம்பத்தொன்பதாயிரத்து முந்நூற்றுப் பத்தொன்பது. மிச்சம் ஆயிரத்து எழுநூறு சொச்சம் பெட்டி எங்கிருந்து வருகிறது என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன், அப்புறம்தான் தெரிந்தது, அந்த மூணு நூல். நீளத்தில் நகக்கண் அளவு இருந்த மூணு நூல், கனத்தில் போனால் ஆயிரத்து எழுநூறு பெட்டி ஆகிவிடுகிறது. அவ்வளவு சார்ஜ் இருந்த இடத்தில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குதான் இருப்பதாக நோட்டு சொல்லிக்கொண்டிருந்தது. சின்னராசு அந்த நோட்டை நம்பித்தான் பக்கத்தில் போய் நின்றான்.

"சின்னராசு அண்ணனைப் போய்ப் பாத்தீங்களாம்மா?" என்றாள் இவள் திடீரென்று. நான் நினைத்தது காதில் விழுந்த மாதிரி. "இல்லம்மா" என்றேன். "நான் செவ்வாக்கிழமை போனேன். கையில கட்டுப் பிரிச்சிருக்காங்க. விரலு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிட்டிருக்கு. அக்காதான் சோறு ஊட்டிவிடுறாங்க. என்னைப் பார்த்ததும் வெளிய போன்னு சொல்லிட்டாங்க, நான்தான் எழுதினேன்னு கிளமென்ட் சார் சொல்லிட்டாருன்னு." நான் நூல் கோத்தேன். ஊசிக் காதில் நூல் நுழையவில்லை. எச்சில் தொட்டு முறுக்கி மறுபடி. "ஜெபம் பண்றேன்மா, தினமும் அவனுக்காக ஒரு ஜெபமாலை" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். சிரித்தாளா, தெரியவில்லை, உதட்டு ஓரம் அசைந்தது. "ஜெபத்துல யாரு எழுதினதுன்னு சொல்வீங்களாங்க, சாமிகிட்ட? இல்ல, அங்கயும் நான்தானா?" என்றாள். இதைத்தான் சொன்னேன் ஆண்டவரே, இந்தப் பெண்ணை எனக்குப் பிடிக்கவில்லை என்று. என் வயதென்ன, இவள் வயதென்ன. ஊசியால் ஒரு குத்துக் குத்தலாம்போல் இருந்தது. கன்னத்தில் அடித்திருப்பேன், என் மகள் ஜெனோவா இப்படிப் பேசியிருந்தால். ஜெனோவா பேசினாள், பெங்களூரிலிருந்து போன் போட்டு, "அம்மா, அண்ணன் பொய் சொல்றான்னு எனக்குத் தோணுது" என்றாள், நான் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் குரலை அணைத்தேன், அடுப்பை அணைக்கிற மாதிரி. மிஷினை மிதிக்கிறேன். இந்தத் தையல் நேராக வர வேண்டும். வாணி எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், நாற்காலியிலிருந்து எழும்போது மிஷின் சக்கரத்தைத் தொட்டாள், பட்டென்று அடித்தது, "ஸ்" என்று கையை உதறினாள். அடிக்கட்டும்.

அந்தக் காக்கித்தாள் எனக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது. ரோஸ்லின் டீச்சர் இரண்டு சுற்றுப் பெருத்துவிட்டார், அந்தக் கட்டிங் இனி உதவாது, ஆனாலும் நான் எதையும் தூக்கிப் போடுவதில்லை, இருபது பேருடைய முதுகும் கையும் ஒரே ஆணியில், அதில் ஒரு முதுகின் ஓரத்தில் ஒரு சிலுவை. நேற்று ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது கிளமென்ட் கேட்டான். முகத்தைத் தட்டிலிருந்து எடுக்காமல் கேட்டான். "அம்மா, மார்ச்ல உன் டேபிள்ல ஒரு பேப்பர்ல ஏதோ எழுதினேன்ல, அது இருக்கா?" எனக்கு யோசிக்கவே நேரமில்லை. "பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டேன்" என்றேன். முப்பது வயது மகனிடம் என் முதல் பொய். எதற்காகச் சொன்னேன் என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். அவனைக் காப்பாற்றவா, தாளை அவனிடமிருந்து காப்பாற்றவா. இதுவரை தெரியவில்லை. தெரிந்தது ஒன்றுதான், அதற்குப் பிறகு அவன் சாப்பிட்டது. நவம்பரிலிருந்து அரைத் தோசையோடு எழுந்துபோகிறவன், மூன்று தோசை, நாலாவதற்குத் தட்டை நீட்டினான். "இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்தும்மா" என்றான். முகம் தெளிந்துவிட்டது. "அப்போ அந்தப் பொண்ணு?" என்று கேட்டேன். "அது பொம்பளப் புள்ளம்மா, கல்யாணம் பண்ணிட்டுப் போயிரும், அதுக்கு வேலை போனா என்ன. எனக்கு வாழ்க்கைம்மா." "எண்ணை நீதானடா எழுதினே." "நீதான் சொன்னே" என்றான். சிரித்துக்கொண்டே சொன்னான், கன்னத்தைக் கிள்ளுகிற அதே சிரிப்பு. "சும்மா சொன்னேன். உனக்கு இதெல்லாம் விளங்காது, நீ டெய்லர்மா." நான் தோசை வார்த்தேன். கல்லில் மாவு சுர்ரென்றது. பசியோடு சாப்பிடுகிற பிள்ளையைப் பார்த்து ஒரு தாய்க்கு வெறுப்பு வருமா மாதாவே, உம் மகன் கல்யாண வீட்டில் உம்மை அம்மா என்று கூப்பிடாமல் 'பெண்ணே' என்று கூப்பிட்டபோதுகூட உமக்கு வந்திருக்காது. எனக்கு வந்தது. அவன் மெல்லுகிற சத்தம் பிடிக்கவில்லை. விரலில் சட்னியை நக்கினான், அந்த விரல்கள் தனித்தனியாக, நீளமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன, அது பிடிக்கவில்லை. இரண்டு மாதமாக இந்தப் பெண்ணின் மேல் போட்டு வைத்திருந்தது எல்லாம் இவனுடையது. இவனுடைய அளவுக்கு வெட்டியதை இவளுக்குத் தைத்துப் போட்டுவிட்டேன்.

வலது கைகுழியும் ஆயிற்று. "போட்டுப் பாரு." திரைக்குப் பின்னாலிருந்து வந்து இரண்டு கையையும் மேலே தூக்கினாள், முன்னால் நீட்டினாள், கும்பிட்டுக் காட்டினாள். "சரியா இருக்குங்கம்மா. மொதல்லயே இப்படித் தச்சிருக்கலாமுங்க" என்றாள். "ஆமா, தச்சிருக்கலாம். வேணும்னுதான் குறைச்சுத் தச்சேன்" என்றேன். சொன்ன பிறகுதான் சொன்னது கேட்டது. அவள் கையைக் கீழே இறக்கினாள். "தெரியுமுங்க" என்றாள். "நீங்க ஒருதடவகூட அளவு தப்பினதில்லன்னு எல்லாருமே சொல்வாங்க." மணி ஒன்றே கால். மிச்சத் துணியை எடுத்து மடித்தேன். வெட்டியது போக மிஞ்சின துணி ஒரு விரலகலம் இருந்தாலும் கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுவது என் வழக்கம், நம்முடையது இல்லாத துணி நம் வீட்டில் இருக்கக்கூடாது. பிளவுஸை மடித்தேன், கொக்கி வெளியே தெரியாமல், அதன் மேல் மிச்சத் துணி. சுற்றுவதற்குச் செய்தித்தாள் எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. என் கை பின்னால் ஆணிக்குப் போகிறது. போகட்டும் என்று விட்டேன். இல்லை, கை என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது, நான்தான் எழுந்தேன், நான்தான் இருபது முதுகையும் புரட்டினேன், அதை நான்தான் எடுத்தேன். உள்பக்கமாக மடித்துச் சுற்றினால் இவள் வீட்டில் போய்த்தான் பார்ப்பாள், எனக்குத் தெரியாமல் வந்துவிட்டது என்று நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். இன்னொரு பொய்க்கு வசதியான மடிப்பு. வெளிப்பக்கமாக மடித்தேன். சிலுவையும் தேதியும் மேலே வந்தன. ரப்பர் பேண்டு போட்டேன். என் வயிறு, என் பிள்ளை, அவன் அப்பா சாகும்போது பார்த்துக்கோ என்று சொன்ன பிள்ளை, திங்கட்கிழமை தலைகுனிந்து நிற்கப் போகிற பிள்ளை. இந்தா என்று நீட்டினேன். அவள் வாங்கினாள். படித்தாள். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. "மார்ச் பத்தொம்போது" என்றாள் மெதுவாக. "நான் சேந்தது ஜூன் ரெண்டுங்கம்மா." அதற்குள் வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது.

கிளமென்ட் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தான். இவளைப் பார்த்ததும், "என்ன வாணி, எங்கம்மாவை மயக்க வந்தியா?" என்றான், அதே சிரிப்பு. அவள் பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டாள். அணைத்ததால்தான் அவன் பார்த்தான். தன் கையெழுத்து யாருக்குத் தெரியாது. சிரிப்பு முகத்திலிருந்து போக நேரமாயிற்று, முதலில் கண்ணிலிருந்து, பிறகு வாயிலிருந்து. "குடு அதை" என்றான். கையை நீட்டினான். நான் நடுவில் போய் நின்றேன், கழுத்தில் டேப் தொங்குகிறது, காலில் நூல் துணுக்கு, அவன் நெஞ்சு உயரம்தான் நான். "நீ கிளம்பும்மா" என்றேன் திரும்பிப் பார்க்காமல். செருப்பு போடும் சத்தம். கேட் சத்தம். அவன் என்னைத் தள்ளியிருக்கலாம். தள்ளவில்லை, அதை நீர் அவன் கணக்கில் வைத்துக்கொள்ளும் ஆண்டவரே. "பேப்பர்காரனுக்குப் போட்டேன்னு சொன்னே" என்றான். "பொய் சொன்னேன்." "ஏம்மா, நான் உன் பையன்மா. தெருவுல போறவளுக்காக என்னைக் கொல்றியே. நீ எல்லாம் ஒரு அம்மாவா?" கத்தினான், எதிர்வீட்டில் ஜன்னல் திறந்தது, திறக்கட்டும். "முப்பத்தொன்பது இஞ்ச் மூணு நூல்னு சொன்னது நான்டா" என்றேன். "திங்கட்கிழமை நானும் வர்றேன். அதையும் சொல்றேன். எதுக்குக் கேக்கறேன்னு நான் கேக்கலைன்னும் சொல்றேன். அப்புறம் அங்கிருந்து நேரா சின்னராசு வீட்டுக்குப் போறோம், ரெண்டு பேரும்." "யாரும் உன்னைக் கூப்பிடல." "கூப்பிடாட்டியும் வருவேன்." அவன் ஹெல்மெட்டைச் சுவரில் எறியப் போகிறான் என்று நினைத்தேன், கீழே வைத்தான், வைத்துவிட்டு அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான், அவள் உட்கார்ந்திருந்த சூடு அதில் இன்னும் இருக்கும். தோள் குலுங்கியது. அழுகையா கோபமா தெரியவில்லை, எனக்கும் உள்ளே இரண்டும் இருந்தது, எது எவ்வளவு என்று அளக்க என்னிடம் டேப் இல்லை. வெறுப்பு இன்னும் போகவில்லை மாதாவே, பொய் சொல்ல மாட்டேன். அவன் பக்கத்தில் போய்க் கையைப் பிடிக்கப் போனேன். விரல் படுமுன் பட்டென்று அடித்தது, சின்னதாக, ஊசி குத்தின மாதிரி. இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டோம். அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நான் மறுபடியும் பிடித்தேன். இரண்டாவது தடவை அடிக்கவில்லை.